சலங்கைக்கு மேலே நாலு விரல்: அடவுக்கு மிருதங்கம் ஒலிக்கும் கருவி செய்த விவரம்

பரதநாட்டியத்தின் அடிப்படை ஆட்ட அசைவுகளான அடவுகளில் முதலாவது தட்டடவு. அதன் முதல் 'தை'க்குக் கால் தரையில் பட்டதும் மிருதங்கத்தின் ஒலி கேட்க வேண்டும். இருபது மில்லி விநாடிக்குள் கேட்டால் ஆடுபவர் அதைத் தன் காலின் ஒலியாகவே எடுத்துக்கொள்கிறார். நாற்பதைத் தாண்டினால் யாரோ பின்னால் உட்கார்ந்து துரத்தி வாசிப்பது போல் ஆகிவிடும், மூன்றாம் காலத்தில் (நாலு மடங்கு வேகத்தில்) அடவே தடுமாறும். கருவியின் ஒவ்வொரு பாகத்தையும் அந்த இருபதைக் காப்பாற்றத்தான் தேர்ந்தெடுத்தோம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில், சிமெண்டுத் தரை போட்ட ஒரு மண்டபத்தில் நடக்கும் பரதநாட்டிய வகுப்புக்காகச் செய்தது இது. அமைப்பு எளிது. காலுக்கு ஒன்றாக இரண்டு சிறு பெட்டிகள், அவற்றிலிருந்து கம்பியில்லாமல் தகவல் வாங்கும் ஒரு பலகை, மடிக்கணினியில் ப்யூர் டேட்டா என்ற இலவச மென்பொருள், பிறகு ஒலிபெருக்கி. கைகளுக்கு மடிக்கணினியின் கேமரா. காலுக்குக் கேமராவைப் பயன்படுத்த வேண்டாம். விநாடிக்கு 30 படம் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 33 மில்லி விநாடி. கால் எப்போது பட்டது என்று கேமரா கண்டுபிடிப்பதற்குள் நமது கணக்கு முடிந்துவிடுகிறது.

ஒரு காலுக்கு வேண்டிய சாமான்கள்: ஷியாவ் ஈஎஸ்பி32-சி3 பலகை (வைஃபை உள்ள சிறு கட்டுப்பாட்டுப் பலகை), அசைவை அளக்கும் எம்பியூ-6050 சென்சார் பலகை (கடைகளில் ஜிஒய்-521 என்று கேட்டால் கிடைக்கும்), 3.7 வோல்ட் 500 மில்லி ஆம்பியர்-மணி லித்தியம் பாலிமர் பேட்டரி, ஒரு சிறு சுவிட்ச், 10 செ.மீ. நீளத்தில் நாலு மெல்லிய பல இழைக் கம்பிகள், 4 செ.மீ. அகல எலாஸ்டிக் பட்டை, வெல்க்ரோ. மடிக்கணினி பக்கம் இன்னொரு ஈஎஸ்பி32 பலகையும் ஒரு யுஎஸ்பி கேபிளும். மூன்று பேர் ஆடினால் கால் பெட்டி ஆறு வேண்டும், தகவல் வாங்கும் பலகை ஒன்றே போதும்.

மலிவாகக் கிடைக்கும் பெரிய ஈஎஸ்பி32 பலகையைக் காலில் கட்ட நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றில் பெரும்பாலானவற்றில் இருக்கும் 1117 வகை மின்னழுத்த ஒழுங்குபடுத்தி தானே ஒரு வோல்ட்டுக்கு மேல் விழுங்கும். 3.7 வோல்ட் பேட்டரியை அதில் கொடுத்தால் 3.3 வோல்ட் வெளியே வராது. ரேடியோ ஒலிபரப்பும் நொடியில் மின்னழுத்தம் சரிந்து பலகை தானே மறுதொடக்கம் ஆகும். மேசையில் யுஎஸ்பியோடு நன்றாக ஓடியது மேடையில் மட்டும் செத்துச் செத்துப் பிழைத்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஷியாவ் பலகையின் அடிப்பக்கத்தில் பேட்டரிக்கென்றே இரண்டு இடம் உண்டு, சார்ஜ் செய்யும் வசதியும் அதிலேயே இருக்கிறது. சுவிட்ச்சைப் பேட்டரியின் நேர்மின் கம்பியில் வைத்திருந்தால், சார்ஜ் போடும்போது சுவிட்ச் 'ஆன்' நிலையில் இருக்க வேண்டும். தனியாக டிபி4056 சார்ஜர் பலகை வாங்குகிறவர்கள் அதன் 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை மாற்றாமல் பயன்படுத்தக் கூடாது. அது 1 ஆம்பியரில் சார்ஜ் செய்யும், 500 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது இரு மடங்கு. 5 கிலோ ஓம் போட்டால் 250 மில்லி ஆம்பியர் வரும். காலில் கட்டும் பேட்டரி விஷயத்தில் இந்தக் கண்டிப்பு அவசியம்.

இணைப்புகள் நாலே நாலு. சென்சாரின் மின்சாரம் பலகையின் 3.3 வோல்ட்டுக்கு, மின்தரை (ஜிஎன்டி) மின்தரைக்கு, எஸ்டிஏ என்ற தகவல் முனை ஜிபிஐஓ 6க்கு (பலகையில் டி4 என்று இருக்கும்), எஸ்சிஎல் என்ற கடிகார முனை ஜிபிஐஓ 7க்கு (பலகையில் டி5). குத்தி இணைக்கும் ஜம்பர் கம்பி வேண்டவே வேண்டாம். பத்தாவது தட்டில் கழன்றுவிடும். நேராக சால்டர் செய்து, சால்டர் செய்த இடத்தின்மேல் ஒரு சொட்டு சூடான பசை விட்டுவிட வேண்டும். கம்பி அறுந்துபோவது எப்போதும் சால்டர் முடியும் விளிம்பில்தான்.

இனி சென்சாரின் அமைப்பு. எம்பியூ-6050 மின்சாரம் வந்ததும் தூக்க நிலையில்தான் இருக்கும். பதிவேடு என்பது சென்சாருக்குள் ஓர் அமைப்பை எழுதிவைக்கும் இடம். இனி வரும் பதிவேட்டு எண்களும் அவற்றில் எழுதும், படிக்கும் மதிப்புகளும் பதினாறடிமானத்தில். 6பி என்ற பதிவேட்டில் பூஜ்யம் எழுதினால் விழிக்கும். 1சி பதிவேட்டில் 18 எழுதினால் முடுக்க அளவு 16 ஜி (புவியீர்ப்பின் 16 மடங்கு) வரை விரியும். தொடக்கத்தில் அமைந்திருக்கும் 2 ஜி வரம்பில் விட்டால் மெல்லத் தட்டுவதும் ஓங்கித் தட்டுவதும் ஒரே உச்சியில் வெட்டுப்பட்டு, எல்லாத் தட்டும் ஒரே பலத்தில் ஒலிக்கும். 1ஏ பதிவேடு வடிகட்டிக்கு. அதில் 1 எழுதினால் 184 ஹெர்ட்ஸ், தாமதம் 2 மில்லி விநாடி. பலர் 'இரைச்சல் குறையட்டும்' என்று 10 ஹெர்ட்ஸ் வைக்கிறார்கள். அந்த ஒரு மதிப்பே 13.8 மில்லி விநாடியைத் தின்றுவிடும், தட்டின் கூர்மையும் மழுங்கிப்போகும்.

இங்கேதான் முதல் கோளாறு வந்தது. இரண்டு பெட்டிக்கும் ஒரே நிரல், ஒரே வரம்பு, ஆனால் வலக்கால் கூர்மையாகவும் இடக்கால் சற்று மந்தமாகவும் ஒலித்தது. பட்டையை மாற்றிக் கட்டியும் தீரவில்லை. சென்சாரின் அடையாளப் பதிவேட்டை, அதாவது 75ஐ, படித்துப் பார்த்ததில் ஒன்று 68 என்றது, மற்றது 70 என்றது. 70 என்றால் உள்ளே இருப்பது எம்பியூ-6500. அதில் 1ஏ பதிவேடு சுழற்சி மானிக்கு மட்டுமே. முடுக்கமானியின் வடிகட்டிக்கு 1டி என்று தனிப் பதிவேடு உண்டு. அதையும் எழுதியதும் இரண்டு கால்களும் ஒத்துவந்தன. ஒரே பெயரில் விற்கும் பலகைகளை வாங்கியதும் முதல் வேலையாக இந்த எண்ணைப் படித்து, பெட்டிமேல் மார்க்கரால் எழுதிவைப்பது நல்லது.

எங்கே கட்டுவது என்பதற்கு வருவோம். முதலில் தோன்றுவது சலங்கைப் பட்டையோடு சேர்த்துத் தைத்துவிடலாம் என்பதுதான். அது தவறு. தோல் பட்டையில் வரிசையாகத் தொங்கும் மணிகள் ஒவ்வொன்றும் தட்டுக்குப் பிறகும் குலுங்கிப் பட்டையை அடித்துக்கொண்டே இருக்கும். சென்சாருக்கு அவை எல்லாமே சின்னச் சின்னத் தட்டுகள். பாதத்தின் மேற்புறம் கட்டினால் அலைவு நன்றாக வருகிறது, ஆனால் முழுமண்டியில் உட்காரும்போது பெட்டி தரையில் உரசும், விரலூன்றி நிற்கும்போது பட்டை நழுவும். கடைசியில் நிலைத்த இடம் சலங்கைக்கு மேலே நாலு விரல் தள்ளி, கணைக்கால் எலும்பின் உள்பக்கச் சமதளம். அங்கே எலும்புக்கும் தோலுக்கும் நடுவே சதை குறைவு, அதனால் தரையின் அதிர்வு தளராமல் மேலே வருகிறது. பின்பக்கக் கெண்டைச் சதையில் கட்டினால் சதை ஆடி ஆடி ஒரு தட்டை இரண்டாக்கும். பட்டை இறுக்கமாக இருக்க வேண்டும், ஆனால் அடியில் ஒரு விரல் நுழைய வேண்டும். ஆன்டெனா உடலை ஒட்டாமல் வெளிப்பக்கம் பார்த்து இருக்கட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உடம்பின் நீர்ச்சத்து நன்றாக உறிஞ்சிவிடும்.

தட்டைக் கண்டுபிடிக்கும் நிரலில்தான் உண்மையான வேலை இருக்கிறது. ஒரு மில்லி விநாடிக்கு ஒருமுறை மூன்று அச்சு முடுக்கத்தையும் படித்து மொத்த அளவைக் கணக்கிடுகிறோம். அதிலிருந்து கடந்த 50 மில்லி விநாடியின் ஓடும் சராசரியைக் கழித்தால் புவியீர்ப்பும் மெதுவான அசைவும் போய்விடும், திடீர் அதிர்ச்சி மட்டும் மிஞ்சும். அது 3 ஜியைத் தாண்டினால் தட்டு. தாண்டியவுடன் அனுப்பாமல் 4 மில்லி விநாடி காத்திருந்து அதற்குள் வரும் உச்சத்தைப் பிடிக்கிறோம். அதுதான் தட்டின் பலம். இந்த நாலைச் சேமிக்க ஆசைப்பட்டால் பலம் தெரியாது, மிருதங்கம் தட்டச்சு இயந்திரம் மாதிரி ஆகிவிடும். இருபதில் நாலை இதற்குக் கொடுக்கலாம், தகும்.

தட்டு முடிந்ததும் 70 மில்லி விநாடிக்குக் கதவைப் பூட்டிவிடுகிறோம். தாளம் நிமிடத்துக்கு 70 எண்ணிக்கை, மூன்றாம் காலத்தில் எண்ணிக்கைக்கு நாலு தட்டு என்றால் தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே 214 மில்லி விநாடி இருக்கிறது. எனவே 70 பூட்டினால் எந்த அடவும் விடுபடாது. சிமெண்டுத் தரையில் அதிர்ச்சி குறுகியது, இதுவே போதும். மரப்பலகை மேடையில் தரை நீண்ட நேரம் ஒலிக்கிறது. அங்கே பூட்டைத் திறந்தபின் வரம்பை உடனே 3 ஜிக்கு இறக்காமல், கடைசி உச்சத்தின் 60 விழுக்காட்டிலிருந்து 100 மில்லி விநாடிக்குள் படிப்படியாக இறக்க வேண்டும். ஒத்திகை ஒரு தரையிலும் நிகழ்ச்சி வேறு தரையிலும் என்றால் இந்த எண்களை மேடையிலேயே மாற்றும் வசதி கட்டாயம் வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பேய்த்தட்டு இருந்தது. வலக்காலை ஓங்கித் தட்டினால் இடக்காலின் பெட்டியும் ஒலித்தது. அரைமண்டியில் இரு முழங்காலும் மடங்கி உடல் எடை பரவியிருக்கும்போது, ஒரு காலின் அதிர்ச்சி இடுப்பு வழியாகவும் தரை வழியாகவும் மற்றதற்குப் போய்விடுகிறது. வரம்பை உயர்த்தினால் பேய் போகும், மென்மையான தட்டும் கூடவே போகும். இரண்டு பெட்டியையும் ஒப்பிட்டுப் பெரியதை மட்டும் எடுக்கலாம், ஆனால் அதற்கு இன்னும் சில மில்லி விநாடி காத்திருக்க வேண்டும்.

வழி நட்டுவனார் தினமும் சொல்லும் சொல்லிலேயே இருந்தது: “காலை நல்லா எடுத்துத் தட்டு.” எடுக்காத கால் தட்டியிருக்க முடியாது. எம்பியூ-6050இல் முடுக்கமானியோடு சுழற்சி மானியும் இருக்கிறது. காலைப் பின்தொடை நோக்கி எடுக்கும்போது முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி வேகமாகச் சுழலும். ஊன்றிய கால் அசையாது. ஆகவே, கடந்த 200 மில்லி விநாடிக்குள் சுழற்சி விநாடிக்கு 60 பாகையைத் தாண்டியிருந்தால் மட்டுமே அந்தக் காலின் தட்டை ஏற்கிறோம். இந்தச் சோதனை தட்டுக்கு முன்பே முடிந்துவிடுவதால் தாமதம் ஒரு துளியும் கூடுவதில்லை. பேய்த்தட்டு அன்றோடு நின்றது. மூன்றாம் காலத்தில் கால் அவ்வளவு உயரம் எழாது, அதற்கு 40 பாகை வைத்தோம். சோம்பலாகக் காலை இழுத்துத் தட்டும் மாணவிக்கு மிருதங்கம் பேசாது. ஆசிரியருக்கு மிகவும் பிடித்துப்போனது அதுதான்.

ஒரே ஒரு விலக்கு, குதித்து மெட்டு என்ற அடவு. 'தை'க்கு விரல் நுனியில் குதித்து, 'ஹத்'துக்குக் குதிகாலை மட்டும் இறக்கும்போது கால் சுழல்வதே இல்லை. எனவே இன்னொரு அனுமதியும் சேர்த்தோம். குதிக்கும்போது உடல் காற்றில் இருக்கும் கணத்தில் மொத்த முடுக்கம் அரை ஜிக்கும் கீழே இறங்கும். அதைக் கண்டால் அடுத்த ஒரு விநாடிக்குள் இரண்டு தட்டுகளை, அதாவது விரல் இறங்குவதையும் குதிகால் இறங்குவதையும், சுழற்சி பார்க்காமல் ஏற்கலாம். நாட்டடவில் காலை நீட்டிக் குதிகாலை ஊன்றும் இடம் மெல்லியது, 3 ஜியைத் தொடாமல் போகலாம். அதை ஒலிக்காமல் விடுவதே எங்கள் முடிவு. அந்த மௌனம் அடவுக்கு அழகாகவே இருக்கிறது.

தகவல் அனுப்ப வழக்கமான வைஃபைக்குப் பதில் ஈஎஸ்பி-நௌ என்ற முறை. ரூட்டர் தேவையில்லை, பெட்டி நேராக வாங்கும் பலகைக்கே அனுப்பும். மின்வெட்டு நேரத்தில் ரூட்டர் அணைந்தாலும் வகுப்பு நிற்காது என்பது இந்த ஊரில் சின்ன ஆதாயமல்ல. ரூட்டர் வழியாகத்தான் அனுப்புவேன் என்பவர்கள் பலகையின் வைஃபை மின்சேமிப்பை நிறுத்தியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் தாமதம் நூறு மில்லி விநாடியைக்கூடத் தொடும். காலியான மண்டபத்தில் ஒரு தட்டும் தவறாத கருவி, கூட்டம் நிறைந்ததும் தட்டுகளை விடத் தொடங்கும். எல்லார் பையிலும் கைபேசி, எல்லாம் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில். நிகழ்ச்சிக்கு முன் 1, 6, 11 ஆகிய சேனல்களில் நெரிசல் குறைந்ததைப் பார்த்து எல்லாப் பலகையையும் அதில் வைக்க வேண்டும். ஒவ்வொரு தட்டையும் வரிசை எண்ணோடு மூன்று தரம், 3 மில்லி விநாடி இடைவெளியில் அனுப்புகிறோம். முதலில் வந்ததை ஏற்று, அதே எண்ணோடு வருபவற்றை வாங்கும் பலகை தள்ளிவிடும். அங்கிருந்து யுஎஸ்பி வழியாக மடிக்கணினிக்கு விநாடிக்கு 115200 பிட் வேகத்தில் எட்டு பைட். அதற்கு ஒரு மில்லி விநாடிகூட ஆகாது.

ப்யூர் டேட்டாவை மில்லர் பக்கெட் 1996இல் வெளியிட்டார். பழைய மடிக்கணினியிலும் ஓடும். 'காம்போர்ட்' என்ற நீட்சியால் எண்களை வாங்கி, வலக்காலுக்கு வலந்தலை (மிருதங்கத்தின் வலமுகம்) ஒலி, இடக்காலுக்குத் தொப்பி (இடமுகம்) ஒலி என்று பிரித்தோம். வலக்காலில் பலம் குறைந்தால் 'நம்', கூடினால் 'சாப்பு'. இடக்காலில் 'தொம்'. ஒவ்வொரு ஒலிக்கும் மென்மை, நடுத்தரம், வன்மை என மூன்று பலம், ஒவ்வொரு பலத்திலும் நாலு பதிவு, அவை மாறிமாறி ஒலிக்கும். ஒரே பதிவு திரும்பத் திரும்ப வந்தால் காது இரண்டே ஆவர்த்தனத்தில் பிடித்துவிடும். சுருதி சேர்த்த மிருதங்கத்தை ஒரே அமர்வில் பதிவது முக்கியம். அடுத்த நாளைக்குத் தோலும் சாதமும் (வலந்தலையின் நடுவில் இருக்கும் கரும்பூச்சு) வேறு நிலைக்குப் போயிருக்கும், டர்பனின் கோடைக்கால ஈரத்தில் சொல்லவே வேண்டாம். ஒலித்துண்டின் தலைப்பக்கத்தில் இருக்கும் வெறுமையை அடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் பெரிதாக்கிப் பார்த்து, முதல் அலை எழும் இடத்திலேயே வெட்டுங்கள். கவனிக்காமல் விட்ட 10 மில்லி விநாடி மௌனம், சென்சாரில் பாடுபட்டுச் சேமித்த அத்தனையையும் தின்றுவிடும்.

ஒலி அமைப்பில் தாமதத்தை 10 மில்லி விநாடிக்கு இறக்கினோம். விண்டோஸில் ஒலித் தாமதத்தைக் குறைக்கும் ஆசியோ இயக்கி இல்லாமல் இது பெரும்பாலும் நடக்காது. கரகரப்பு வந்தால் 12, 13 என்று மெல்ல ஏற்றிப் பாருங்கள். புளூடூத் ஒலிபெருக்கி கூடவே கூடாது, அது மட்டுமே நூறுக்கு மேல் சேர்த்துவிடும். கம்பி ஒலிபெருக்கியும் ஆடுபவருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லி விநாடி. மண்டபத்தின் பெரிய பெட்டி ஏழு மீட்டர் தள்ளி இருந்தால் அதுவே இருபது. ஆடுபவரிடமிருந்து இரண்டு மீட்டருக்குள் சிறு ஒலிபெருக்கி ஒன்று வைத்தோம். சார்ஜர் மாட்டியதும் 50 ஹெர்ட்ஸ் முனகல் கேட்டால் மடிக்கணினியைப் பேட்டரியில் ஓட்டுங்கள், அல்லது நடுவில் டிஐ பெட்டி (முனகலைத் தடுக்கும் இணைப்புப் பெட்டி) வையுங்கள்.

மொத்தத் தாமதத்தை அளக்கத் தனிக் கருவி தேவையில்லை. கைபேசியைக் காலுக்கும் ஒலிபெருக்கிக்கும் சம தூரத்தில் வைத்து ஒலிப்பதிவு செய்து அடாசிட்டியில் திறந்தால், தரையில் கால் படும் 'டப்' ஒரு முகடு, மிருதங்கம் அடுத்த முகடு. இரண்டுக்கும் நடுவே இருப்பதுதான் விடை. ஒரே தட்டை வைத்து முடிவு கட்டாமல் இருபதை அளந்து, மிகப் பெரிய எண்ணைப் பாருங்கள். சராசரி 18 ஆக இருந்து நடுநடுவே 45 வந்தால் ஆடுபவர் உணர்வது அந்த 45ஐத்தான்.

கைகளைப் பற்றிச் சுருக்கமாக. லெவ் தெரமின் 1920 வாக்கில் செய்த கருவியில் கை அருகே வந்தால் சுருதி ஏறும், விலகினால் இறங்கும். கையின் இயல்பே அந்த ஓயாத நெகிழ்ச்சி. அதற்குக் கேமராவின் மந்தம் கேடு செய்யாது. மீடியாபைப் மென்பொருள் உடலில் 33 புள்ளிகளைக் காட்டும். அதில் இரண்டு மணிக்கட்டுகளின் தூரத்தைத் தோள் அகலத்தால் வகுத்து, அந்த விகிதத்தால் தம்புராவின் ஒலியைத் திறந்து மூடுகிறோம். தோளால் வகுப்பதால் ஆடுபவர் கேமராவுக்கு முன்னும் பின்னும் போனாலும் மதிப்பு மாறாது. மேடை விளக்கு மங்கினால் கேமரா தானாகவே ஒளி சேர்க்க முயன்று படவேகத்தைக் குறைக்கும். தானியங்கி ஒளியளவை அணைத்துவிடுங்கள். முத்திரையைப் படிக்க முயலவே இல்லை. ஆறு மீட்டர் தள்ளி நிற்பவரின் விரல் படத்தில் சில புள்ளிகள்தான்.

வியர்வை உப்பு இரண்டு மூன்று வகுப்பிலேயே தாமிரத்தைப் பச்சையாக்கும். பெட்டியைச் சுருங்கு குழாயில் அடைத்து, சார்ஜ் துளைக்கு மட்டும் ரப்பர் மூடி போட்டோம். கணக்குப்படி ஐந்து மணி நேரம் தாங்கும் பேட்டரியை நாலுக்கு மேல் நம்புவதில்லை. உப்பிய பேட்டரி கண்ணில் பட்டால் அன்றே ஒதுக்க வேண்டும்.

இதே பெட்டியைக் கம்பூட் ஆட்டத்துக்கும் மாற்றலாம். தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் ரப்பர் பூட்டைத் தட்டி வளர்த்த ஆட்டம் அது. அங்கே கால் மிதிப்பதோடு கை பூட்டின் பக்கவாட்டை அறைகிறது, அந்த அறைகளை முடுக்கமானியால் பிரிக்க முடியாது. பூட்டின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒவ்வொரு 27 மி.மீ. பியசோ வில்லை ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் குறுக்கே 1 மெகா ஓம், தொடரில் 10 கிலோ ஓம், பலகையின் முனையைக் காக்க 3.3 வோல்ட்டுக்கும் மின்தரைக்கும் ஒவ்வொரு ஷாட்கி டயோடு. பியசோ ஓங்கிய அடிக்குப் பத்து இருபது வோல்ட்டுக்கு மேலும் கொடுக்கும், டயோடு இல்லாமல் இணைத்தால் பலகை போய்விடும். வில்லையின் வெள்ளிப் பூச்சில் சால்டர் கோலை ஒரு விநாடிக்கு மேல் வைத்தால் பூச்சு உரிந்துவிடும். ரப்பர் அடியை விழுங்குவதால் வரம்பு தாழ்வாக இருக்க வேண்டும், அதனால் இரு பூட்டும் ஒன்றோடொன்று மோதும்போது நாலு வில்லையும் சேர்ந்து கத்தும். உள்பக்க வில்லைகள் இரண்டும் 3 மில்லி விநாடிக்குள் சேர்ந்து வந்தால் அதைக் குதிகால் மோதல் என்று எடுத்து, அதற்கெனத் தனி ஒலி கொடுத்துவிடலாம்.